தண்ணிக்காது

ரேடியோ பழுதென்று வருகிறவர்களை அவர் முதலில் சத்தம் போட்டுக் காட்டச் சொல்வார். பெட்டியைத் தொடக்கூட மாட்டார். ஒருநாள் பிரியாணிக் கடை முதலாளி ஒருவர், ஆள் யானைக்குட்டி மாதிரி இருப்பார், பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "செத்துப் போச்சு பாய்" என்றார்.

"செத்துச்சா இல்லையாங்கிறது என் சோலி. நீங்க கேட்டதைச் சொல்லுங்க."

"கொர்ருங்குது."

"கொர்ரா, உர்ரா?"

முதலாளி யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு "உர்ர்ர்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் போடுங்க."

"உர்ர்ர்ர்."

"அம்புட்டுத்தான். கண்டன்சர் போயிருக்கு. நாளைக்கு வாங்க."

வாசலில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஏலே, முதலாளிக்கே கண்டன்சர் போயிருச்சாம்டா" என்றார். முதலாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டில் 'உர், கீழ் ஸ்தாயி' என்று எழுதி ரேடியோவில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

கடைப் பலகையில் அவர் பெயர் இல்லை. ரேடியோ, ஒலிபெருக்கி பழுது பார்க்கப்படும் என்று மட்டும் இருந்தது. திண்டுக்கல்லில் எல்லோருக்கும் அவர் ரேடியோ பாய். காற்று மேற்கிலிருந்து அடித்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை சந்து முழுக்க நிற்கும். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவருக்கு மூக்கே கிடையாது, காது மட்டும்தான் என்று சந்தில் சொல்வார்கள். நான் அப்போது ஒரு மதுரைப் பத்திரிகைக்குத் திண்டுக்கல் நிருபர். என் மேசை அவர் கடைக்கு எதிர் மாடியில். மாலையில் செய்தியைத் தந்தி ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்து அவர் கடை ஸ்டூலில் உட்காருவேன்.

காதில் விழுந்ததற்கு மேல் ஓர் அடிகூட அவர் போக மாட்டார். அவரிடம் நான் கண்ட முதல் குணமும் அதுதான், கடைசிக் குணமும் அதுதான். சந்திலிருந்து மெயின் ரோடு தெரியாது. மூட்டையோடு ஓடி வந்த ஒரு பெண் கேட்டார்: "பாய், வத்தலக்குண்டு பஸ்ஸு வந்திருச்சா?"

"ஹாரன் கேட்டுச்சு."

"வத்தலக்குண்டு பஸ்ஸு ஹாரனா?"

"ஹாரன் கேட்டுச்சும்மா."

"இவருகிட்டக் கேட்டதுக்கு பஸ்ஸுகிட்டயே கேட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் ஓடினார்.

செய்தி எழுதுகிறவனுக்கு இந்தக் குணம் பிடிக்காமல் இருக்காது. ஆனால் என் தொழில் எனக்கு வேறொன்றையும் பழக்கியிருந்தது. தந்தியில் வார்த்தை குறைய வேண்டும். ஒரு டாக்டர் 'இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை' என்றால், நான் 'நிலைமை கவலைக்கிடம்' என்று அனுப்புவேன். மூன்று வார்த்தை இரண்டாகும். யாரும் குறை சொன்னதில்லை.

யுத்த காலத்தில் அவர் கடற்படையில் இருந்தார் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பலின் அடித்தட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடலுக்குள் வருகிற சத்தத்தைக் கேட்கிற வேலை. நீர்மூழ்கிக் கப்பலின் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"தூரத்துல உலை கொதிக்கிற மாதிரி. சில நேரம் மீன் கூட்டமும் அப்படித்தான் கேக்கும்."

"எது எதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

"அதை மேலே இருக்கிறவங்க சொல்லுவாங்க தம்பி. நான் கேட்டதை மட்டும் சொல்லுவேன்." ரேடியோவுக்குள் ஒரு திருகைத் திருப்பினார். "நாங்க அங்கே மூச்சைக்கூடப் பலமா விட மாட்டோம். இரும, தும்ம ஒண்ணும் கூடாது. அவன் நம்மளைக் கேட்டுரக் கூடாதுல்ல."

அறுபதுகளின் தொடக்கத்தில் சமவெளிக் கிராமங்களுக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் பூட்டிய கிணறுகள் பங்குனிக்கே வற்றின. ஆழப்படுத்தினார்கள். அதற்கும் தண்ணீர் போதாதபோது கிணற்றின் அடியில் பக்கவாட்டில் குடைந்து சுரங்கம் போட்டார்கள். எந்தப் பக்கம் குடைந்தால் ஊற்று கிடைக்கும் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. தண்ணீருக்குள் ஒரு மைக்கை இறக்கினால் ஊற்று வருகிற திசை கேட்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதைச் செய்து முடிக்க ஒரு கோடை பிடித்தது. பல்பொடி டப்பா ஒன்று. அதற்குள் கிராமபோனிலிருந்து எடுத்த சின்னப் படிகம். அந்தப் படிகம் ஒரு வகை உப்பு. ஈரம் பட்டால் கரைந்துவிடும். வெயிலில் கிடந்தாலும் கெட்டுவிடும். தண்ணீரைக் கேட்கப் போகிற பொருள் தண்ணீர் பட்டால் செத்துப் போகும் என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். டப்பாவை விளக்கெண்ணெயால் நிரப்பி, வாயை சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுகக் கட்டினார். வயர் உள்ளே நுழையும் இடத்துக்குத் தோல் ஷாப்பிலிருந்து ஆட்டுத்தோல் துண்டு வாங்கி வந்து மெழுகு ஊற்றிச் சுற்றினார். மூன்று டப்பாக்கள் கசிந்து வீணாயின. நான்காவது நின்றது.

ஒலிப்பதிவுக்கு, மலேயாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி விட்டுவிட்டுப் போன பெரிய டேப் ரிக்கார்டர் இருந்தது. மைக் வயரை அதில் சேர்ப்பதுதான் சிரமமான வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வயரின் நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றிக் கம்பி வலை. "நடுவுல இருக்கிறது சேதியைக் கொண்டு போகும். சுத்தி இருக்கிற வலை ஊர்ச் சத்தத்தை வாங்கி மண்ணுல விட்டுரும். வலையைச் சரியாப் பத்த வைக்கலைன்னா சேதி வராது, ஊர்ச் சத்தம்தான் வரும்." ஈயம் புகைந்தது. ஊதி ஆற்றிவிட்டு நகத்தால் சுண்டிப் பார்த்தார். அந்த ஒரு பற்றவைப்பை என் கண் முன்னால் ஆறு முறை பிரித்துச் செய்தார்.

கோட்டைக்குளத்தில் முதல் சோதனை. பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் எடுத்து, ரிக்கார்டரைப் படியில் வைத்து, டப்பாவைத் தண்ணீரில் விட்டார். கூட்டம் கூடிவிட்டது.

"என்னா பாய், தூண்டில்ல புழு வைக்கலையா?"

"மீனு பேசுறதைக் கேக்குறாருடா. உன் பொண்டாட்டி பேசுறதையே நீ கேக்க மாட்டே, பேசாம இரு."

ஹெட்போனை என் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, மிக அருகில், யாரோ பல்லைக் கடிப்பது போல ஒன்று.

"என்ன கேக்குது?"

"மீன் சத்தம்."

"மீனைப் பாத்தீகளா?"

"இல்லை."

"பின்னே மீன்னு ஏன் சொல்றீக? நறநறன்னு கேக்குதுன்னு சொல்லுங்க."

கிராமங்களில் அந்தக் கருவிக்குத் தண்ணிக்காது என்று பெயர் விழுந்தது. பத்துப் பதினைந்து கிணறுகளில் இறக்கியிருப்பார். ஆனால் விவசாயிகளுக்கு அவரிடம் திருப்தி இல்லை. "வடக்கு மூலையில ஒரு சத்தம் இருக்கு. ஊத்தா என்னன்னு வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவர் அப்படியெல்லாம் இழுக்க மாட்டார். இங்கே, இத்தனை அடியில் என்று குச்சியை ஊன்றிவிடுவார். "இவரு காதை வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கிறாரு. அவரு குச்சியை வச்சுக்கிட்டே சொல்லிப்புடுறாரு" என்று ஒரு விவசாயி என்னிடம் அலுத்துக்கொண்டார்.

சேவுகம்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். கிணற்றடியில் பக்கச் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தபோது காலை பதினொரு மணிக்கு மண் சரிந்தது. வெளியே நின்றவர்கள் தப்பினார்கள். உள்ளே ஒருவர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. சுரங்க வாயை மண் முழுவதுமாக அடைத்திருந்தது. சரிவில் புது ஊற்று ஒன்றும் உடைத்துக்கொண்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததால் தண்ணீர் சுரங்க வாய்க்குக் கீழே நின்றது. ஆறு பேர் இறங்கி மண்ணை வாரினார்கள். அவர்களுக்கு நேர்மேலே மேற்குச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது, பதில் சொல்ல முடியாதது. உள்ளே இருப்பவர் உயிரோடு இருந்தால் ஆறு பேரையும் வெடித்த சுவருக்குக் கீழே தொடர்ந்து நிறுத்தலாம். இல்லையென்றால் ஓர் உடலுக்காக ஆறு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. உள்ளே போனவரின் மனைவி, கிணற்று விளிம்பில் கமலை பூட்ட நட்டிருந்த துளைக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "சுரங்கம் உள்ளே மேடாத்தான்ய்யா போகுது. காத்து இருக்கும். அவரு இருப்பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணிக்காதைக் கொண்டுவரச் சொல்லி யாரோ ஜீப் அனுப்பியிருந்தார்கள். பாய் அதோடு மூன்று மணிக்கு வந்தார். கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "பாறையில தட்டினா தண்ணிக்குள்ள கேக்கும். ஆனா மோட்டாரை நிப்பாட்டணும். அது ஓடுனா அது மட்டும்தான் கேக்கும்."

மோட்டார் நின்றால் கால் மணி நேரத்தில் தண்ணீர் சுரங்க வாயைத் தொட்டுவிடும். ஐந்து நிமிடம் என்று பேசி முடிவானது. ஆறு பேரும் மேலே ஏறினார்கள். கிணற்றின் பாதி ஆழத்தில் மோட்டார் மேடை. ரிக்கார்டரை அங்கே இறக்கி, மேலே ஸ்டார்ட்டர் பலகையிலிருந்து கரண்ட் கொடுத்தார்கள். அவர் மேடையில் குந்தி உட்கார்ந்து டப்பாவைத் தண்ணீரில் விட்டார். கிணற்று வாயிலிருந்து பார்த்தால் மேடை தெரியாது. அதனால் அவர் சொல்வதை மேலே சொல்ல நான் படியின் திருப்பத்தில் நின்றேன்.

இறங்கும்போது எல்லோரையும் பார்த்து அவர் ஒன்று சொல்லியிருந்தார்: "ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தாத் துண்டை வாயில வச்சுக்கங்க."

மோட்டார் நின்றது. இருநூறு பேர் கூடியிருந்த இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பிறகு கேட்டதில்லை. துளைக்கல்லோரம் இருந்த அந்த மனைவியின் வாயை இன்னொரு பெண் முந்தானையால் பொத்தியிருந்தார். ரிக்கார்டரின் சுருள்கள் சுற்றின. அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. தண்ணீர் ஒரு படியை மூடியது. நான்காவது நிமிடம் கண்ணைத் திறந்து, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்:

"இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலை. இன்னும் செத்த நேரம் குடுக்கச் சொல்லுங்க."

நான் மேலே திரும்பிக் கத்தினேன்: "சத்தம் இல்லையாம்!"

எட்டு வார்த்தை இரண்டானது. அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. மேலேயிருந்து ஓலம் எழுந்தது.

அவர் உடனே ஹெட்போனைக் கழற்றினார். "என்ன சொன்னீக?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. என்னை ஒதுக்கிவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறினார். ரிக்கார்டர் மேடையில் ஓடிக்கொண்டே இருந்தது.

மேலே அதிகாரி ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டார். இவர், "இன்னும் நேரம் குடுங்க, இல்லாட்டி மோட்டாரைப் போட்டு ஆளை இறக்குங்க" என்றார்.

"நீங்கதானே பாய் சத்தம் இல்லைன்னீக?" என்றார் மண் வாரியவர்களில் ஒருவர்.

"கேக்கலைன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அதிகாரி.

"ஒண்ணு இல்லீங்க. ஒண்ணே இல்லீங்க."

கத்தியது யார் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல், பாயின் குரல், அவ்வளவுதான். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேச்சு வளர்ந்தது. பத்து நிமிடம் இருக்கும். யாரோ ரிக்கார்டரை நினைத்துக்கொண்டு ஓடிப் போய்த் தூக்கி வந்தார்கள். அவர்கள் படியேறி முடிப்பதற்கும் மேற்குச் சுவர் வண்டி வண்டியாகச் சரிந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் உடலை எடுத்தார்கள். 'நீருக்குள் ஒலி கேட்கும் கருவியால் சோதித்ததில் சத்தம் எதுவும் இல்லை' என்று நான் அனுப்பிய செய்தி அப்படியே அச்சில் வந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து மத்தியான வேளையில் பாய் மாடிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு ரிக்கார்டரை ஓடவிட்டார். ஹெட்போன் எனக்கு. முதலில் நீண்ட அமைதி, தண்ணீர் சொட்டுவது. பிறகு குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஓர் ஆணின் கத்தல். வார்த்தை புரியவில்லை, ஆனால் என் குரல் எனக்குத் தெரியும். அது முடிந்து நான்கு விநாடி. பிறகு இரும்பு கல்லில் படும் சத்தம். ஒன்று. விட்டு இரண்டு. பிறகு வேகமாக, வரிசையாக, வயரைப் பிடுங்கும்வரை.

என்ன கேக்குது என்று அவர் அன்று என்னிடம் கேட்கவில்லை.

"தப்பு என்னுதுதான் தம்பி" என்றார். "கப்பல்ல பழகின புத்தி. கீழே இருக்கிறவன் நம்மளைக் கேட்டுரக் கூடாதுன்னு எல்லார் வாயையும் மூடினேன். இங்கே அவன் கேக்கணும்ல? மோட்டார் நின்னு, ஒரு குரலும் இல்லைன்னா, எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாகன்னுதானே அவன் நினைச்சிருப்பான்? ஒருக்காப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அப்பவே தட்டியிருப்பான்."

என் பங்கு என்ன என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

சுருளில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு எப்படியோ அந்தக் கிராமத்துக்குப் போயிற்று. சில நாட்களில் இறந்தவரின் மனைவி கடைக்கு வந்தார். கூட வந்த அண்ணன்காரர் உள்ளே வராமல் சந்து முனையில் நின்றுகொண்டார். நான் கடைக்குள் ஸ்டூலில் இருந்தேன்.

"பாய்ங்கிறது நீங்கதானே?"

"ஆமாம்மா." அவர் எழுந்து நின்றார்.

"நான் கிணத்துல போனவரு பொஞ்சாதி. சத்தத்தைப் புடிச்சு வச்சிருக்கீகளாமே. எங்க ஊருல எல்லாரும், மண்ணு சரிஞ்ச ஒடனேயே உசிரு போயிருக்கும், நோகாமப் போயிருப்பாருங்கிறாக. அது மெய்யா? அதை மட்டும் கேட்டுட்டுப் போயிர்றேன்."

அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நான் அவருக்குத் தலையாட்டிக் காட்டினேன். ஆமாம்மா என்ற ஒரு வார்த்தை போதும். அவர் என்னைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றார். "அப்பவே போகலை. சுருளு ஓடுற வரைக்கும் சத்தம் இருக்கு."

அந்தப் பெண் உட்காரவில்லை. "போடுங்க" என்றார்.

ஹெட்போனை பாயே கூந்தல் சிக்காமல் மாட்டிவிட்டார். சுருள் ஓடியது. வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவரின் வலது கை விரல் மட்டும் ஒரு கட்டத்தில் மேசைப் பலகையில் தட்டத் தொடங்கியது. ஒன்று. விட்டு இரண்டு. முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். இரண்டாம் முறையும் கடைசிவரை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவருதான்" என்றார். "அவரு தட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆம்பளை கத்துறது கேக்குதே. குடத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி. அது யாரு?"

'ஒரு ஆம்பளைக் குரல்ம்மா, அம்புட்டுத்தான் தெரியும்' என்று பாய் சொல்வார் என நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"நாந்தாம்மா" என்றார்.

"என்ன சொல்லிக் கத்துனீக?"

"சத்தம் இல்லைன்னு."

அந்தப் பெண் ஹெட்போனை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"அவரு உங்களுக்குத்தான் பதில் சொல்லியிருக்காரு பாய்" என்றார். படியிறங்கி, அண்ணன் நின்ற பக்கம் நடந்தார்.

பாய் ரிக்கார்டரிலிருந்து வயரைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி சுற்றினார். அந்தப் பெண் சந்து முனை திரும்ப ஐம்பது அடியாவது இருந்தது, கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன்.